பின்னாளில் பிரிக்கக்கூடிய மலை வீடு: முதலில் கோடு, அப்புறம் அறைகள்

கோத்தகிரியில் நான் வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு கழிவறைதான். அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது ஹாலுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு வந்தது, கழிவறை சித்தப்பா பக்கம் போனது. நாங்கள் பின்னால் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டோம். அதன் குழாய் வெளியே போக ஒரே வழி, சித்தியின் சமையலறைத் தரைக்கு அடியில். அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் சித்தி சமைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிலத்தைப் பங்கு போடும்போது ஒரு வார்த்தை கூடக் கோபமாகப் பேசாத இரண்டு பேர், அந்த நான்கு அங்குலக் குழாயால் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள்.

இப்போது வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருகிறவர்களில் பலர் சொல்வது: “இப்போதைக்கு ஒரே வீடுதாங்க. பின்னாடி பிள்ளைங்க பிரிச்சுக்கட்டும்.” சரி, எந்த இடத்தில் பிரிப்பார்கள் என்று பென்சிலைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள். அறைகளை எல்லாம் போட்டுவிட்டுப் பிரிக்கும் கோட்டைத் தேடினால் அது எப்போதும் யாருடைய குளியலறைக்கு நடுவிலாவதுதான் போகும். அதனால் வெற்றுத் தாளில் முதலில் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, வீட்டை அப்புறம் போடுங்கள். மலையில் முதல் தடவையாகக் கட்டுகிறவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

யாருக்காகப் பிரிக்கிறோம்

தாளைத் தொடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகள் கல்யாணமானதும் தனிக் குடித்தனம் போகவா, ஒரு பாதியை வாடகைக்கு விடவா, வயதான காலத்தில் நீங்கள் சின்னப் பாதிக்கு நகரவா? மூன்றுக்கும் கோடு வெவ்வேறு இடத்தில் விழும்.

“இரண்டு பையன்கள், இரண்டு பாகம்” என்று கணக்கோடு வருகிறவர்களிடம் பெண் பிள்ளை இருக்கிறாளா என்று கேட்பேன். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது. 2005 திருத்தம் நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பழைய பிரிவையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடாக இருந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் போனால் மகன், மகள், மனைவி எல்லோருக்கும் சம பங்கு. மூன்று வாரிசு இருக்கும் வீட்டில் இரண்டு வாசல் வைத்தால், மூன்றாமவருக்கு என்ன என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பணமாகக் கொடுப்பதென்றாலும் பரவாயில்லை. மௌனமாக விடுவதுதான் தப்பு.

மேல் கீழா, பக்கத்துக்குப் பக்கமா

சமவெளியில் மாடியைப் பிரிப்பதென்றால் படிக்கட்டுதான் பெரிய தலைவலி. மலையில் சரிவே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடும். கீழ் வீட்டுக்குக் கீழ்ப் பாதையிலிருந்து வாசல், மேல் வீட்டுக்கு மேல் பாதையிலிருந்து வாசல். இரண்டுமே தரைமட்ட வீடுகள் போல இருக்கும். இதைப் பார்த்து மயங்கித்தான் நிறையப் பேர் மேல் கீழாகப் பிரிக்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு தயக்கம்.

ஒன்று, கீழ் வீட்டின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருக்கும். அக்டோபரில் பிடித்தால் ஜனவரிவரை ஈரம் விடாது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம், பட்டுப்புடவையில் புள்ளி. அந்த வீடு யார் பாகம் என்பதில்தான் கசப்பு தொடங்கும். இரண்டாவது, நிலம். மேல் கீழாகப் பிரித்தால் மண் பிரியாது. இருவருக்கும் பிரிபடாத பாகம்தான் இருக்கும். பக்கத்துக்குப் பக்கமாகப் பிரித்தால் நில அளவைத் துறையில் உட்பிரிவு செய்து, அவரவருக்குத் தனிப் பட்டா கேட்கலாம்.

உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நீலகிரியில் வீட்டின் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு, அதாவது சுமார் 23 அடி. பேஸ்மென்ட் ஒன்றரை அடி, இரண்டு தளம் பத்துப் பத்து அடி என்றால் இருபத்தொன்றரை ஆகிவிட்டது. சாய்வுக் கூரைக்கு ஒன்றரை அடிதான் மிச்சம், அதில் சாய்வு நிற்காது. தளத்துக்கு ஒன்பது, ஒன்பதரை அடி என்று இறக்கினால் கூரைக்கு மூன்றடி கிடைக்கும். தாழ்ந்த அறை சீக்கிரம் சூடாகும் என்பதால் குளிருக்கும் அதுதான் நல்லது. ஆனால் “பின்னாடி இன்னொரு மாடி எடுத்துக்கலாம்” என்ற சமவெளிப் பேச்சு இங்கே எடுபடாது.

இடம் அகலமாக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம். குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தால் வேறு வழியில்லை, மேல் கீழ். படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் பழைய வீடுகள் சரிவுக்குக் குறுக்கே சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை எஸ்டேட்களில் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளும் அதே வாக்கில்தான் இருக்கின்றன. வெட்ட வேண்டிய மண் குறைவு, எல்லா வீட்டுக்கும் முன்புறம் வெளிச்சம் என்று அதற்குக் காரணம் இருக்கிறது.

சரிவை அளந்துவிட்டு உட்காருங்கள்

மேஸ்திரியிடம் டியூப் மட்டம் இருக்கும். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயை வைத்து, மனையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று பாருங்கள். நான்கு அடி போனால் ஓர் அடி இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 40 அடிக்கு 28 அடி வீட்டின் நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்கே வைத்தால், ஆழம் 28 அடி, மட்ட வித்தியாசம் 7 அடி. அதே வீட்டைத் திருப்பிப் போட்டால் 10 அடி. அந்த மூன்று அடிக்கு எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும் என்று யோசியுங்கள். பொக்லைனை இங்கே நினைத்த நேரத்தில் கொண்டுவந்து இறக்க முடியாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பல இடங்களில் சாலையிலிருந்து மனைக்குப் படி மட்டும்தான் இருக்கும். மணலும் ஜல்லியும் தலைச்சுமையாகத்தான் போகும். சமவெளிக்காரர்கள் தரும் மதிப்பீட்டில் இந்தக் கூலி இருக்காது.

வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி மட்டமாக்கி, அதன்மேல் பாதி வீட்டை உட்கார வைப்பது வழக்கம். பிரிக்கப்போகும் வீட்டில் இது இரட்டை ஆபத்து. மண்ணை வெட்டி எடுத்த கெட்டித் தரைமேல் நிற்கும் பாகம் அசையாது, நிரப்பிய மண்மேல் நிற்கும் பாகம் இறங்கும். விரிசல் விழும் பக்கம் கிடைத்தவர் காலத்துக்கும் புலம்புவார். அஸ்திவாரத்தைப் படிப்படியாக இறக்கி, எல்லா இடத்திலும் கெட்டி மண்ணைத் தொட வையுங்கள். நிரப்பு மண் முற்றத்துக்கும் பூச்செடிக்கும் போதும்.

பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று, நான்கு அடி இடைவெளி விடுங்கள். அதில் ஒரு வாய்க்கால். தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகள், துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பு. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மழையைப் பார்த்தவர்கள் யாரும் இந்த வாய்க்காலில் சிக்கனம் பிடிக்க மாட்டார்கள். வீடு பிரிந்த பிறகும் வாய்க்கால் ஒன்றாகவே ஓட வேண்டும். ஒரு பாதியில் அடைத்துக்கொண்டால் இன்னொரு பாதியின் சுவருக்குத்தான் கேடு. பத்திரம் எழுதும்போது இதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது கோடு

மேலே சொன்ன 40க்கு 28 வீட்டையே எடுத்துக்கொள்வோம், 1,120 சதுர அடி. நடுவில் 20 அடியில் கோடு போடத்தான் கை போகும். அப்படிப் போட்டால் இன்றைக்கு ஒரே குடும்பமாக வாழ ஹாலும் சிறுத்துவிடும், சமையலறையும் சிறுத்துவிடும். நான் 24 அடியில் போடுவேன். ஒரு பக்கம் 672 சதுர அடி, இன்னொரு பக்கம் 448. பெரிய பாதியில் ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, குளியலறை. சின்னப் பாதியில் முன்பக்கம் ஓர் அறையும் படுக்கையறையும், பின்பக்கம் ஸ்டோர் ரூமும் கழிவறையும். இன்றைக்கு அது தாத்தா பாட்டியும் விருந்தாளிகளும் தங்கும் பகுதி. நாளைக்கு முன்னறை ஹாலாகும், ஸ்டோர் ரூம் சமையலறையாகும்.

கோட்டின் மேல் வருவது ஒன்பது அங்குலச் சுவர். அதற்கென்று தனி அஸ்திவாரம், கீழிருந்து கூரைவரை. நாலரை அங்குலச் சுவர் போதும் என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். அந்தப் பக்கத்து மிக்ஸி சத்தம் மட்டுமில்லை, மாமியார் பேச்சும் இந்தப் பக்கம் வரும். சுவரில் இப்போதைக்கு இரண்டு திறப்பு போதும்: ஹாலிலிருந்து ஐந்தடி அகலத்தில் ஒன்று, பின்னால் மூன்றடியில் ஒன்று. சுவரின் முழு நீளத்துக்கும் லிண்டல், அதாவது திறப்புகளுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை, ஓட விடுங்கள். திறப்புகளின் ஓரத்தில் சுவிட்சோ குழாயோ வேண்டாம். டைல்ஸை திறப்பின் வழியே தொடர்ச்சியாக ஓட்டாமல், அந்த ஒன்பது அங்குலத்துக்கு மட்டும் தனித் துண்டாகப் போடச் சொல்லுங்கள். பிரிக்கும் நாளில் அந்தத் துண்டை எடுத்துவிட்டு சாலிட் பிளாக் அடுக்கினால் ஒரு வாரத்தில் வேலை முடியும், இரண்டு பக்கமும் ஒரு டைல் கூட உடையாது.

ஒருவர் பின்னால் தன் பாதியை இடித்துக் கட்டவோ விற்கவோ கூடும் என்று தோன்றினால் ஒற்றைச் சுவர் பற்றாது. நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு இரட்டைச் சுவர். செலவு ஏறும், அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்வதில்லை.

சமபாகம் என்பது வெயிலில் இருக்கிறது

சதுர அடி கணக்கில் சமமாகப் பிரித்த வீடுகளில்தான் அதிகம் மனத்தாங்கல் பார்த்திருக்கிறேன். மலையில் ஒரு வீட்டின் மதிப்பு காலை வெயில். டிசம்பரில் உறைபனி விழும் நாட்களில் எட்டு மணிக்கு வெயில் விழும் அறைக்கும், மதியம்வரை நிழலில் கிடக்கும் அறைக்கும் வாழ்க்கையே வேறு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் இரண்டு பாதிக்கும் கிழக்கிலோ தெற்கிலோ ஆளுக்கொரு நல்ல ஜன்னலாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். கிழக்கு பார்த்த சரிவு என்றால் கவலையில்லை, நீள முகப்பு முழுவதும் வெயில் வாங்கும். வடக்கு பார்த்த சரிவு கஷ்டம். ஒரு பாதிக்குத்தான் கிழக்கு ஓரச் சுவர் கிடைக்கும். அப்போது இன்னொரு பாதியின் கூரையில் நடுநடுவே ஒளி ஊடுருவும் ஷீட் போடுவேன், சின்னப் பாதியைக் கிழக்கில் வைப்பேன். இடத்தில் குறைந்தவருக்கு வெயிலில் ஈடு.

துணி காயவைக்கும் இடத்தை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். பனிமூட்டம் இறங்கினால் மூன்று நாளானாலும் ஜீன்ஸ் காயாது. இரண்டு பாதிக்கும் தனித்தனியாகக் கூரையிட்ட, காற்று வரும் ஒரு தாழ்வாரம் வேண்டும். நாலடி அகலம் இருந்தால் போதும்.

தண்ணீரும் கழிவுநீரும்

குழாய்ச் செலவு மிச்சமாகட்டும் என்று இரண்டு பாதியின் குளியலறைகளையும் நடுச்சுவரில் முதுகோடு முதுகாக வைக்கச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அது சரி. அண்ணன் தம்பி வீட்டில் வேண்டாம். பொதுச்சுவரில் கசிவு வந்தால் யாருடைய குழாய் என்று கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் ஆகும். ஈர அறைகளை இரண்டு கோடியிலும் தள்ளுங்கள். இடப்பாதியின் கழிவு இடப்பக்கச் சுவர் ஓரமாக இறங்கட்டும், வலப்பாதியின் கழிவு வலப்பக்கமாக. நடுச்சுவரை ஒட்டி அலமாரி, பூஜை மாடம், துணி பீரோ வரட்டும். சத்தத்தையும் அவை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

சமையலறையாகப் போகும் ஸ்டோர் ரூமுக்கு இன்றைக்கே தண்ணீர்க் குழாயும், 75 மில்லிமீட்டர் கழிவுக் குழாயும் இழுத்து மூடி போட்டுவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழே கடப்பைக்கல் மேடைக்கு இடம், புகை போக ஒரு துளை, சிலிண்டர் வைக்கக் காற்றோட்டமான மூலை. தனி ரேஷன் கார்டு கேட்டால் தனிச் சமையல் நடக்கிறதா என்றுதான் பார்க்க வருவார்கள்.

மேல்நிலைத் தொட்டி இரண்டு, ஆயிரம் லிட்டராவது ஒவ்வொன்றும். கோடையில் குழாய்த் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். தரைக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டி ஒன்றாக இருந்தாலும் நடுவில் சுவர் வைத்து இரண்டு மூடி போட்டுவிடுங்கள்.

செப்டிக் டேங்க் ஒன்று போதும், ஆனால் அது இருக்கும் இடம் யாருடைய பாகமாகவும் இருக்கக் கூடாது. பொதுப் பாதையில், சுத்தம் செய்யும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் வையுங்கள். அதிலிருந்து வழியும் தண்ணீரை வீட்டுக்கு நேர் கீழேயோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ மண்ணில் இறக்காதீர்கள். ஊறிய சரிவு எந்த மழையில் வேண்டுமானாலும் கிளம்பும்.

படி, மின்சாரம், கூரை

மேல் கீழாகப் பிரிப்பதென்றால் ஹாலுக்கு நடுவே அழகான படிக்கட்டு வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வெளியே திறந்த படியும் இங்கே ஆகாது, ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். வாசலை ஒட்டி ஒரு சிறிய முன்கூடம், படி அதற்குள், தலைக்கு மேல் கூரை. இன்றைக்கு முன்கூடத்துக்கும் ஹாலுக்கும் நடுவே கதவு மாட்டாமல் நிலைச்சட்டம் மட்டும் வையுங்கள். பிரிக்கும்போது கதவு மாட்டினால் போதும்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு தனிப் பெட்டி, ஒவ்வொரு பாதியின் வயரும் அந்தந்தப் பெட்டிக்கு. கீசர் இல்லாமல் இங்கே குளிக்க முடியாது, இரண்டு குளியலறைக்கும் கனமான வயர் இழுங்கள். இரண்டாவது மீட்டருக்கு இடமும், அதுவரை ஓடும் காலிக் குழாயும் விட்டுவையுங்கள். கரண்ட் பில் குறையும் என்று இப்போதே இரண்டு இணைப்பு வாங்கும் யோசனை வேண்டாம். ஒரே வீட்டுக்குள் இன்னொரு இணைப்பு வேண்டுமானால் நிரந்தரமான பிரிப்பு இருக்க வேண்டும் என்பது மின்வாரிய விதி.

கூரையின் முகடு வீட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் மழைநீர் முன்னும் பின்னும் விழும், பக்கத்துப் பாதிமேல் விழாது. நடுச்சுவருக்கு மேலே இரண்டு கூரை சேரும் பள்ளம் வந்தால் அங்கே ஒழுகியே தீரும். இன்னொன்று, சீலிங்கோடு நடுச்சுவரை நிறுத்திவிடுவார்கள். கூரை ஷீட்டைத் தொடும்வரை எழுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எலிக்கு மட்டும் கூட்டுக் குடும்பம் தொடரும்.

காகிதங்கள்

கட்ட அனுமதி வாங்கும்போது என்ன காட்டினீர்களோ அதைத்தான் கட்ட வேண்டும். ஒரே வீடாக அனுமதி வாங்கிவிட்டுப் பின்னால் இரண்டாக்கினால் தனிக் கதவு எண்ணுக்கும் தனி வரிவிதிப்புக்கும் மறுபடி உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நாளுக்காக வரைபடத்தின் ஒரு நகலில் பிரிக்கும் கோட்டைச் சிவப்பு மையில் போட்டு வைத்திருங்கள்.

பிரிக்கும்போது பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வெற்றுத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவது மனசாட்சிக்குச் சரி, பட்டா மாற்ற உதவாது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. பத்திரத்தில் அறைகளை விவரமாக எழுதுவார்கள், மற்றதை விட்டுவிடுவார்கள். நடைபாதை எத்தனை அடி, செப்டிக் டேங்க் யார் செலவு, பின்வாய்க்கால், தடுப்புச் சுவர் விழுந்தால் யார் எடுத்துக் கட்டுவது, பொதுச்சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் என்றால் அது ஜென்மம் நில (பழைய ஜமீன் போன்ற உரிமையில் இருந்த நிலம்) வழக்கில் சிக்கியதா என்று பார்க்காமல் வீட்டு வரைபடம் பற்றியே பேசாதீர்கள்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவர் பக்கத்திலும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எத்தனை அடியில் எந்தக் குழாய், எந்த வயர் போகிறது என்று போட்டோ எடுங்கள். போன் மாறும், போட்டோ தொலையும். அதனால் பிரிண்ட் போட்டு, சிவப்புக் கோடு போட்ட வரைபடத்தோடு ஒரே கவரில் வைத்து, இரண்டு செட்டாக எடுத்து வையுங்கள்.